நூற்றுப் பதினான்காம் நம்பர் மங்கு

மலைமேல் பனி விழும், பனியில் தேயிலை கருகும், கருகிய தேயிலைக்கு நடுவே குருவிக்கொம்பை எஸ்டேட்டில் நாங்கள் ஒரு எழுபது குடும்பம் இருந்தோம், இருக்கிறோம், துரை மனசு வைத்தால் இனியும் இருப்போம். எங்கள் ஊரில் டிசம்பர் பிறந்தால் முதலில் விறைப்பது தேங்காய் எண்ணெய், அடுத்து விறைப்பது பொம்பளைகளின் முகம். காலை ஏழு மணிக்குப் புல்லெல்லாம் உப்புக் கொட்டினதுபோல் வெளுத்துக் கிடக்கும், பதினோரு மணிக்கு வெயில் தோலை உரிக்கும், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கன்னம் செதில் செதிலாக எழும்பி, உதடு வெடித்து, சிரித்தால் ரத்தம் வரும் என்று பயந்து ஜனவரி முடியும்வரை யாரும் வாய்விட்டுச் சிரிக்க மாட்டோம். அதற்கெல்லாம் மேலே மங்கு. பிள்ளை பெற்ற பிறகோ, வெயிலில் நின்ற பிறகோ, ஒரு காரணமும் இல்லாமலோ கன்னத்தில் வந்து குடியேறும் பழுப்புத் திட்டுக்குத்தான் மங்கு என்று பேர். அது வாடகையும் தராது, காலியும் பண்ணாது.

புஷ்பலீலாவின் மங்குதான் எங்கள் எஸ்டேட்டிலேயே பெரியது. இடது கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, வலது கன்னத்தில் அதன் தங்கச்சி, மூக்கின் மேலே இரண்டுக்கும் போக்குவரத்தாக ஒரு ஒற்றையடிப் பாதை. மகள் ஷாமினி பிறந்த மாதம் வந்தது, ஷாமினிக்கு இருபத்திரண்டு வயதாகியும் போகவில்லை. புருஷன் சிவலிங்கம் நல்ல மனுஷன்தான், ஆனால் கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது மட்டும் “நீ கொஞ்சம் பின்னால நில்லு” என்பான். அவன் நெஞ்சுவலியில் போய் இரண்டு வருஷமாகிறது. அந்த வார்த்தையைத் தப்பென்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை, அவள் அதை ஒருநாளும் மறந்ததுமில்லை.

சிவலிங்கம் நிரந்தரத் தொழிலாளி, அவன் பெயரில்தான் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடு. அவன் போன பிறகு கம்பெனி பெரிய மனசு பண்ணி இரண்டு வருஷம் கெடு கொடுத்தது. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் அந்த வீட்டில் ஒரு நிரந்தரத் தொழிலாளி இல்லையென்றால் சட்டி பானையை வெளியே வைத்துவிட வேண்டும். புஷ்பலீலா என்னோடு ஃபேக்டரியில் தூள் சலிக்கும் அறையில் பதினோரு வருஷமாகத் தற்காலிகம். யூனியனும் கம்பெனியும் போட்ட ஒப்பந்தத்தில், ஒரே வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்று எழுதியிருக்கிறது. அதை எழுதின கையே ஒவ்வொரு டிசம்பரிலும் இருநூற்று முப்பத்தைந்தாம் நாள் வந்ததும் “பிரேக்” என்று ஒரு கடுதாசி கொடுத்து எங்களை வீட்டில் உட்கார வைத்துவிடும். புது வருஷம் பிறந்தால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம்.

இந்த வருஷம் ஜனவரியில் முகத்தைப் பார்த்து வருகை போடும் மிஷின் ஒன்றை எஸ்டேட் மேனேஜர் கிஷோர் துரை கொண்டுவந்து ஃபேக்டரி வாசலில், இலையைச் சூட்டில் காயவைக்கும் டிரையர் சுவரை ஒட்டி மாட்டினார். முகத்தைக் காட்டினால் ஒரு பெண் குரல் நம் பெயரையும் நம்பரையும் சொல்லி நன்றி சொல்லும். அந்த எஸ்டேட்டில் எங்களுக்கு நன்றி சொன்ன முதல் ஆள் அதுதான். கணக்கு நேரே சென்னை ஹெட் ஆபீசுக்குப் போய்விடும். இரண்டு நிமிஷம் பிந்தினால் அரை நாள் வெட்டு. “நான் வாசல்லதான் நின்னேன் சார், அதுதான் என்னயப் பாக்கல” என்று யாராவது போனால் துரை மேஜைக்கு மேலே தொங்கும் பலகையைக் காட்டுவார். மிஷின் பொய் சொல்லாது என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

இப்படி இருக்கும்போது நவம்பர் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து ஷாமினி ஒரு சின்னப் பாட்டில் அனுப்பினாள். அவள் அங்கே அழகுசாதனக் கடையில் வேலை பார்க்கிறாள், முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுக்காமல் வைட்டமின் சி சீரம் எடுத்த பிள்ளை. போனில் ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்டோம்.

“ம்மா, காலையில மூஞ்சி கழுவிட்டு, ஈரம் ஒத்திட்டு, மூணே மூணு சொட்டு. தேய்க்கக் கூடாது, ஒத்தணும். லேசா சுருசுருங்கும், பயப்படாதீங்க. பனிக்காலத்துல தோல் காஞ்சு போயிருமில்ல, அதுனால அது காஞ்சதும் மேல கிரீம் போட்டுருங்க. அதுக்கும் மேல சன்ஸ்கிரீன். அப்பதான் மங்கு கொஞ்சங் கொஞ்சமா மங்கும்.”

“அம்புட்டையும் போட்டுக்கிட்டு நான் எப்படி எட்டு மணிக்கு வேலைக்குப் போறது?”

“போவீங்க. இன்னொண்ணும்மா, வெளிச்சம் படாம வையிங்க. கலர் மாறி பிரவுனாயிட்டா தூக்கிப் போட்ருங்க. அது வீணாப் போச்சுன்னு அர்த்தம்.”

எல்லாவற்றையும் சரியாகத்தான் கேட்டோம். ஆனால் பிரவுனானால் வீண் என்ற ஒரு சேதியை மட்டும் எங்களால் நம்ப முடியவில்லை. நாங்கள் தேயிலைக்காரர்கள். பச்சை இலையை வாட்டி, அரைத்து, தரையில் பரப்பி, அது பச்சையை விட்டுச் செம்புக் கலருக்கு வரும்வரை காவல் காத்து, அந்தக் கலர் வந்த நிமிஷம்தான் பதம் என்று நாலு தலைமுறையாகப் பிழைப்பு நடத்துகிறவர்கள். பாட்டிலைத் திறந்து பார்த்தால் தண்ணீர் மாதிரி இருந்தது. புஷ்பலீலா அதை டீ மேக்கர் சவரிமுத்து அண்ணனிடம் கொண்டுபோனாள். இலை எப்போது சிவந்தது என்று மூக்கை வைத்தே சொல்கிற ஆள் அவர், துரையே அவர் மூக்குக்குக் கட்டுப்பட்டவர்தான்.

அவர் மூடியைத் திறந்து மோந்தார், கண்ணை மூடினார், திறந்தார். “இது பச்சையா இருக்கு தங்கச்சி. பச்சையாப் போட்டா என்ன புண்ணியம்? கோயமுத்தூர் புள்ளைக்கு இலை தெரியுமா? இது சிவக்கணும். எங்கிட்டக் குடு, பதம் வந்ததும் நான் சொல்றேன்.”

அரைத்த இலையைச் சிவக்கப் போடும் அறையில், ஈரக் காற்று வீசும் மூலையில், மூடியைத் திறந்த வாக்கில் பாட்டிலை வைத்தார். ஒன்பது நாள் காலையும் மாலையும் மோந்தார். முதலில் வைக்கோல் கலர், பிறகு தேன் கலர், பத்தாம் நாள் நல்ல டிகாக்‌ஷன் கலர். “பதம்” என்றார். அன்றைக்கு எங்கள் லைனில் ஏழு பெண்டுகள் வரிசையில் நின்று ஆளுக்கு மூன்று சொட்டு வாங்கி ஒத்திக்கொண்டோம். எனக்கும் மூன்று சொட்டு கிடைத்தது. என் மங்கு எங்கே போனது என்பதை நேரம் வரும்போது சொல்கிறேன். சுருசுருவென்றுதான் இருந்தது. மேலே கிரீம் போடச் சொன்னாளே என்று விறைத்த தேங்காய் எண்ணெயை அடுப்போரம் உருக்கிப் பூசிக்கொண்டோம். சன்ஸ்கிரீனுக்கு முந்தானை.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலையில், புஷ்பலீலா வாசலில் அலுமினியக் குண்டானில் முகம் கழுவினாள். மங்கு மூன்று துண்டாகக் கழன்று தண்ணீரில் மிதந்தது. இடது கன்னத்தது, வலது கன்னத்தது, நடுப்பாதை. டம்ளரில் விழுந்த தேயிலைபோல் ஒரு சுற்றுச் சுற்றியது. அவள் பழக்க தோஷத்தில் தண்ணீரைப் புல்லில் வீசி ஊற்றினாள். மங்கு பனிமேல் விழுந்து, மூன்று துண்டும் ஒன்றையொன்று தேடிப் பிடித்துச் சேர்ந்து, நிதானமாக ஊர்ந்து லைன் முனையைத் திரும்பிப் போனது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் அதற்கு வழிவிட்டு நின்றார்கள்.

அடுத்த இரண்டு மூன்று நாளில் ஏழு பேர் மங்கும் கழன்றுவிட்டது. முதல் நாள் பேச்சு, இரண்டாம் நாள் சண்டை, மூன்றாம் நாள் பழகிவிட்டது. வெள்ளையாக எதைக் கண்டாலும் மங்கு அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்று தெரிந்ததும் வெள்ளை வேட்டி வைத்திருந்தவர்கள் உள்ளே உலர்த்தினார்கள். எங்கள் ஏழு பேரில் ரத்னேஸ்வரியின் மங்கு துரை பங்களாவின் தலையணை உறையில் போய் ஒட்ட, துரைசாணி நாலு தடவை வெளுத்துப் பார்த்து அதையே டிசைன் என்று விருந்தாளிகளிடம் சொல்லிவிட்டார். குழந்தைக் காப்பகத்து ஆயாவின் மங்கு அவர் வீட்டுச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. அவர் மத்தியானம் சுவரில் கன்னத்தைச் சாய்த்து அசந்தபோது, பழைய இடம் கண்ட சந்தோஷத்தில் அது திரும்ப ஏறிவிட்டது. அதிலிருந்துதான் சட்டம் தெரிந்தது: மங்கின்மேல் கன்னம் ஒட்டினால் வீட்டுக்கு வந்துவிடும், ஒட்டாதவரை வராது. மற்ற ஆறு பேரும் சுவர்ப்பக்கம் தலை சாய்க்காமல் கழுத்தை நிமிர்த்தி நடந்தோம். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, குருவிக்கொம்பைப் பெண்டுகளுக்குத் திமிர் என்று பேசினார்கள்.

புஷ்பலீலாவின் முகத்தை அன்றுதான் நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம். பக்கத்திலேயே பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தும் அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்று எனக்குத் தெரியாது. கூட்டுறவுக் கடைக்காரர் அவளை “என்ன பாப்பா வேணும்?” என்று கேட்டார், அவள் கேட்க வந்த பருப்பை மறந்து சீனி வாங்கி வந்தாள். போனை நீட்டி நீட்டி முப்பது போட்டோ எடுத்தாள், முப்பதிலும் தானே முன்னால் நின்றாள். எனக்குப் பொறாமையாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமையே எட்டு மணிக்கு மிஷின் முன்னால் போய் நின்றபோது அது, “மன்னிக்கவும், முகம் பதிவில் இல்லை” என்றது. அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி நின்றாள். மன்னிக்கவும் என்றது. ஜனவரிப் பனியில் அவளைப் பதிவு செய்தபோது அந்தக் கண்ணாடி அவள் மூக்கையும் கண்ணையும் எங்கே பார்த்தது? மங்கு ஒன்றைத்தான் பார்த்திருக்கிறது. மற்றவர்கள் மங்கு சின்னது, அதனால் எங்கள் முகம் அதற்குத் தப்பவில்லை. சனிக்கிழமையும் அதே கதை. அன்றோடு அவள் கணக்கு இருநூற்று முப்பத்தொன்றில் நின்றுபோனது, இரண்டு நாள் முழுசாகப் போனது. துரையிடம் போனோம்.

“சார், எங்கூட உக்காந்து சலிச்சா சார், நானே சாட்சி” என்றேன்.

துரை தலையைத் தூக்காமல் பலகையைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து அண்ணன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வெள்ளைக் கிடா வளர்ப்பார். எந்த மாதத்துக்கு வளர்க்கிறாரோ அதுவே பேராக இருக்கட்டும் என்று அதற்கு டிசம்பர் என்று பேர் வைத்திருந்தார். போய்ப் பார்த்தால் டிசம்பரின் இடது கன்னத்தில் உள்ளங்கை அகலம், வலது கன்னத்தில் தங்கச்சி, மூக்கின் மேலே ஒற்றையடிப் பாதை. புஷ்பலீலா பத்தடி தள்ளி நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

“எடுத்துக்கிறியா தங்கச்சி? கன்னத்த வச்சா வந்துரும்” என்றார் அண்ணன்.

“ரெண்டு நாள் இருக்கட்டும்ணே” என்றாள்.

எந்தப் பெண்ணும் அதைத்தான் சொல்லியிருப்பாள். இருபத்திரண்டு வருஷம் சுமந்ததை இரண்டே நாளில் திரும்ப வாங்கிக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

திங்கட்கிழமை காலையில் டிசம்பர் தானாகவே ஃபேக்டரிக்கு வந்தது. டிரையர் சுவர் பனிக்காலத்தில் கதகதவென்று இருக்கும், சுண்ணாம்பில் உப்பும் இருக்கும், எஸ்டேட் ஆடெல்லாம் நக்குகிற சுவர்தான். அது முன்னங்காலைச் சுவரில் ஊன்றி எழும்பி நிற்க, முகம் சரியாக மிஷினுக்கு நேரே வந்தது. “புஷ்பலீலா. நூற்றுப் பதினான்கு. வருகை பதிவானது. நன்றி” என்றது மிஷின். பின்னால் வரிசையில் நின்ற இருபது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வாட்ச்மேன் ராமகிருட்டிணன் மட்டும், “சரி, உள்ள போ” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை; ஆடு கீழே இறங்கிப் போனது, புஷ்பலீலா உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஆடு எட்டு மணிக்கு இரண்டு நிமிஷம் முன்னாலேயே வந்துவிடும். எங்களில் பலருக்கு வராத ஒழுங்கு அதற்கு வந்தது. வரிசையில் அதற்கு இடம் விட்டோம். புஷ்பலீலா அதற்குக் கடலைப் பிண்ணாக்கைக் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊட்டினாள், தவறியும் கன்னம் பட்டுவிடக் கூடாதே. வியாழக்கிழமையோடு இருநூற்று முப்பத்தைந்து. அன்று சாயங்காலம் வழக்கம்போல் துரையின் கடுதாசி வந்தது: நூற்றுப் பதினான்காம் நம்பருக்கு நாளை முதல் பிரேக்.

புஷ்பலீலா கடுதாசியை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு லைனுக்கு வந்து, அழவில்லை, அரிசி களைந்தாள். “பதினோராவது கடுதாசி” என்று மட்டும் சொன்னாள். இன்னும் பதின்மூன்று நாளில் வீடு போய்விடும். மகளோடு போய் இருக்கலாமென்றால் ஷாமினி ஆறு பேரோடு ஒரு ஹாஸ்டல் அறையில் கட்டிலில் பாதி வாங்கிப் படுக்கிறவள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆனால் பிரேக் கடுதாசியை ஆட்டுக்கு யாரும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை புஷ்பலீலா வீட்டில் உட்கார்ந்திருக்க, டிசம்பர் போய்ச் சுவரில் எழும்பி நின்றது. நூற்றுப் பதினான்கு, வருகை பதிவானது, நன்றி. கேட்டில் புஷ்பலீலாவை நிறுத்தச் சொல்லி வாட்ச்மேனுக்கு உத்தரவு இருந்தது, ஆட்டை நிறுத்தச் சொல்லி இல்லை. மிஷினிலிருந்து ஒரு நம்பரை எடுக்க வேண்டுமென்றால் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும், ஆள் ஜனவரியில்தான் வருவான். நான் விரல் விட்டு எண்ணினேன். வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய், புதன். புதன்கிழமை இருபத்துநாலாம் தேதி. இருநூற்று நாற்பது.

எண்ணி முடித்ததும்தான் எனக்கு இன்னொரு தேதி ஞாபகம் வந்தது. சவரிமுத்து அண்ணன் வருஷா வருஷம் கிடா வெட்டுவது இருபத்துமூன்றாம் தேதி காலையில்.

போனோம், லைன் மொத்தமும் போனோம். அண்ணன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டுக்காரர்கள் குன்னூரிலிருந்து வருகிறார்கள், பதினெட்டுப் பேருக்குக் கறி என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். மூத்த மகளின் மாமனார் கோழியை ஒரு பறவையாகவே மதிக்காத மனுஷர்.

புஷ்பலீலா முன்னால் வந்து நின்றாள். “அண்ணே, அது என் மூஞ்சிண்ணே” என்றாள்.

அண்ணன் கத்தியைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். டிசம்பர் அந்த மங்கோடு அவரைத் திரும்பிப் பார்த்தது. சிவலிங்கம் உயிரோடு இருந்த காலத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே குழம்புக் கிண்ணம் போய்வந்தபடி இருக்கும், கொண்டுவருகிற முகம் இந்த மங்கு முகம்தான்.

“உன் மூஞ்சில நான் கத்தி வைப்பனா தங்கச்சி” என்று சொல்லிவிட்டு, உள்ளே பார்த்து, “ஏய், கோழிக்குச் சொல்லு” என்றார். அந்த மாமனார் இன்றுவரை அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இருபத்துநாலாம் தேதி காலையில் எழுபது குடும்பமும் ஃபேக்டரி வாசலில் நின்றோம். துரை ஜன்னலைத் திறந்து என்ன கூட்டம் என்று கேட்டார். கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்ல வந்தோம் என்றோம். டிசம்பர் வந்தது, எழும்பியது, காட்டியது. மிஷின் நன்றி சொன்னதும் நாங்கள் கை தட்ட, துரை அதைத் தனக்கென்று நினைத்துக் கையசைத்தார். கணக்கு நிறைந்துவிட்டதால் மறுநாளிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மட்டும் அண்ணன் அதைக் கட்டிப்போட்டார்.

முப்பதாம் தேதி லேபர் ஆபீசர் அம்மா வந்தார். வருஷா வருஷம் வருவார், நிரந்தரப் பட்டியலைக் கேட்பார், ஒருவரும் இல்லை என்று துரை சொல்வார், டீ குடித்துவிட்டுப் போவார். இந்த வருஷம் பட்டியல் மிஷினிலிருந்து நேரே சென்னைக்குப் போய், அங்கிருந்து அவர் கைக்கு வந்திருந்தது. ஃபேக்டரி வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி வாசித்தார்.

“நூத்திப் பதினாலு, புஷ்பலீலா. இருநூத்தி நாப்பது நாள்.”

“இருக்காதே. பதினெட்டாந் தேதியே பிரேக் கொடுத்துட்டேன்” என்றார் துரை.

“மிஷின் சொல்லுதே. நாளுக்கொரு போட்டோவும் வச்சிருக்கு.” அவர் தாளைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். “இது யாரு?”

“அதுதாம்மா புஷ்பலீலா” என்றார் சவரிமுத்து அண்ணன். “பனிக்காலமில்ல, கொஞ்சம் முடி வளந்திருக்கு.”

துரை தாளைப் பிடுங்கிப் பார்த்தார். “இது ஆடு.”

“ஆடா?” ஆபீசர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “அப்ப உங்க மிஷினுக்கு ஆளுக்கும் ஆட்டுக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு எழுதிக் குடுங்க. ஜனவரியிலருந்து இந்த மிஷினை வச்சு எத்தனை பேருக்கு அரை நாள் வெட்டினீங்க, அதையும் சேர்த்து எழுதுங்க. நான் வாங்கிட்டுப் போறேன்.”

வெட்டுப் பட்ட நாங்கள் எல்லாரும் ஒரு அடி முன்னால் வந்தோம். துரை எங்களைப் பார்த்தார், ஜன்னல் வழியே தெரிந்த தன் பலகையைப் பார்த்தார். பனியிலும் அவருக்கு வேர்த்தது.

“மிஷின் பொய் சொல்லாது” என்றார் கடைசியில். சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தார், முகம் தெளிந்தது. படித்தவர் அல்லவா. “சரி, நிரந்தரம்தான். ஆனா மிஷின் யாரைப் புஷ்பலீலான்னு சொல்லுதோ அவங்களுக்குத்தான் ஆர்டர். வரச் சொல்லுங்க, மூஞ்சியக் காட்டட்டும்.”

புஷ்பலீலா போய் நின்றாள். குழி விழுந்த கன்னம், மாசு மறுவில்லாத முகம். “மன்னிக்கவும், முகம் பதிவில் இல்லை.” அதே நேரம் கடலைப் பிண்ணாக்கு வாசனைக்கு டிசம்பர் பின்னாலேயே வந்து எழும்பி நிற்க, அது அவள் பெயரைச் சொல்லி நன்றியும் சொன்னது.

“ஆர்டரை ஆட்டுக்கே குடுங்கம்மா” என்றார் துரை, சிரித்துக்கொண்டே. “வீட்டையும் அதுக்கே எழுதிருவோம். இந்தம்மா நாளைக்குக் காலி பண்ணட்டும்.”

ஆபீசர் அம்மா பேனாவை மூடவில்லை, எழுதவும் இல்லை. எங்களில் சிலர் முதலில் சிரித்துவிட்டு, பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டோம். புஷ்பலீலா மிஷினின் கறுப்புக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினெட்டு நாள்தான் அந்த முகத்தோடு இருந்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற எனக்கு அவள் என்ன செய்யப்போகிறாள் என்று தெரிந்தது, வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, வீட்டை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

போனை எடுத்து என்னிடம் கொடுத்தாள். “ஒரு போட்டோ எடு” என்றாள். எடுத்தேன், ஒன்று போதாதென்று இரண்டாகவே எடுத்தேன். பிறகு தரையில் முழங்காலிட்டு, டிசம்பரின் கொம்பைப் பிடித்து, தாடியை நீவி, இடது கன்னத்தை அதன் இடது கன்னத்தோடு வைத்தாள்.

“வா” என்றாள் மங்கிடம். “வேலைக்கு நேரமாச்சு.”

அது உடனே வரவில்லை. ஆட்டு முடி கதகதப்பாக இருந்திருக்கும். பிறகு மெதுவாக ஓரத்தை எடுத்து வைத்தது, ஏறியது, பழைய இடத்தில் பரவி உட்கார்ந்தது. வலது கன்னத்தை வைத்தாள், தங்கச்சியும் வந்தது. கடைசியாக மூக்கோடு மூக்கு வைக்க, பாதையும் வந்து சேர்ந்தது. புஷ்பலீலா எழுந்து, முட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, மிஷினுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள். எங்கள் யாரையும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

“புஷ்பலீலா. நூற்றுப் பதினான்கு. வருகை பதிவானது” என்றது மிஷின். அப்போது மணி பதினொன்று. “தாமதம். அரை நாள். நன்றி.”

ஆபீசர் அம்மா கையெழுத்துப் போட்டார். குருவிக்கொம்பையில் பதினோரு வருஷத்தில் நிரந்தரமான முதல் தொழிலாளிக்கு முதல் நாளே அரை நாள் வெட்டு. அவள் அதைக் கேட்டு உதடு வெடிக்கச் சிரித்தாள், நாங்களும் ரத்தம் வரும் என்று பாராமல் சிரித்தோம்.

துரை அந்த மிஷினைக் கழற்றவில்லை, அடியில் கம்பி வேலி மட்டும் போட்டார். அடுத்த வருஷத்துக்கான பிரேக் கடுதாசிகளை இப்போதே ஆட்டுக்கும் சேர்த்து அடித்து வைத்திருப்பதாகக் கேள்வி. டிசம்பரை வெட்ட அண்ணனுக்கு மனசு வரவில்லை. வெள்ளை முகத்தோடு அது இன்னும் எட்டு மணிக்கு வேலிக்கு வெளியே வந்து நிற்கிறது. என் மங்கு எங்கே என்று சொல்லாமல் விட்டேனே, அது சிற்றாலயத்தில் சாத்தானை மிதித்து இறக்கை விரித்து நிற்கும் வெள்ளைச் சுதைச் சம்மனசின் கன்னத்தில் இருக்கிறது. சாமியார் சுரண்டிப் பார்த்துவிட்டு, இப்போதுதான் நம்ம ஜாடை வந்திருக்கிறது என்று விட்டுவிட்டார். வாரா வாரம் அதற்கு மாலை விழுகிறது. நான் போய்க் கேட்பதாக இல்லை.

பொங்கலுக்கு ஷாமினி வீடியோவில் கூப்பிட்டாள். புஷ்பலீலா அடுப்புக்கு முன்னால், தன் பெயர் எழுதின வீட்டில், போனைச் சுவரில் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே அந்த இரண்டு போட்டோவில் ஒன்று சட்டம் போட்டுத் தொங்கியது.

“என்னம்மா, மங்கு அப்படியே இருக்கு? நான் அனுப்புனதப் போடவே இல்லையா?”

“போட்டேன்டி” என்றாள் புஷ்பலீலா, அரிசியைக் கிளறிக்கொண்டே. “வீடு கெடச்சிருச்சு.”